பிளாஸ்டிக் குளிரும்போது சேர்க்கைகள் படிகமாதலை எப்படி மாற்றுகின்றன: சோதித்து அறிய முழுமையான வழிகாட்டி

ஒரு சேர்க்கையைப் போட்ட பிறகு, உருகிய பிளாஸ்டிக் முன்னைவிட அதிக சூட்டிலேயே இறுகத் தொடங்குகிறது என்றால், அந்தச் சேர்க்கை படிகமாதலில், அதாவது மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதில், கை வைத்துவிட்டது என்று பொருள். எவ்வளவு கை வைத்தது, எந்த வழியில், மோல்டுக்குள்ளும் அதே வேலையைச் செய்யுமா என்பதைக் கண்டுபிடிக்கும் வரிசை கீழே இருக்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனைப் பற்றியவை. சுருக்கமாகப் பிபி என்றே எழுதுகிறோம். பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்), நைலான் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறது. வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் சேர்க்கையை நேரே மெஷினில் போட்டுவிட்டு சைக்கிள் நேரம் (ஒரு பாகத்தை வார்த்து எடுக்க ஆகும் நேரம்) குறைகிறதா என்று பார்ப்பார்கள். குறையாவிட்டால் பிறகு ஆய்வகத்துக்கு ஓடுவார்கள். இந்த வழிகாட்டி அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது.

1. பிளாஸ்டிக் படிகமாகும் ரகம்தானா?

பிபி, பாலிஎத்திலீன், நைலான் 6, நைலான் 66, பெட், பிபிடி, அசிட்டால், பிஎல்ஏ ஆகியவை குளிரும்போது ஓரளவு படிகமாகும். பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட், அக்ரிலிக், ஏபிஎஸ் ஆகியவற்றை வழக்கமான முறையில் குளிர்வித்தால் ஆகாது. இந்த இரண்டாம் வரிசையில் நியூக்ளியேட்டர் (படிகக் கரு பிறக்க உதவும் சேர்க்கை) போடுவது வீண்செலவு.

படிகமாகும் ரகங்களிலும் வேகம் ஒன்றுபோல் இருக்காது. எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) தானாகவே மிக வேகமாகப் படிகமாகும் என்பதால் நியூக்ளியேட்டர் அதன் படிகமாகும் வெப்பநிலையை ஓரிரு டிகிரிதான் உயர்த்தும். பெட்டும் பிஎல்ஏவும் மிக மெதுவானவை. குளிர்ந்த மோல்டில் படிகமாகாமலே உறைந்துவிடும். பிபி நடுவில் நிற்கிறது. அதனால்தான் நியூக்ளியேட்டருக்கு அதிலே மவுசு அதிகம்.

படிகமாதலில் இரண்டு வேலைகள் நடக்கின்றன: கரு பிறப்பது, பிறந்த கரு வளர்வது. உருகுநிலைக்குச் சற்றுக் கீழே சங்கிலிகள் தாராளமாக நகரும், ஆனால் கரு பிறக்காது. கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு (அதற்குக் கீழே சங்கிலிகள் நகராமல் உறைந்துவிடும்) அருகில் கரு பிறக்கும், வளரச் சங்கிலி நகராது. நியூக்ளியேட்டர் முதல் குறையைத் தீர்க்கிறது, பிளாஸ்டிசைசர் (சங்கிலி நகர்வைக் கூட்டும் சேர்க்கை) இரண்டாவதை. உங்கள் பிளாஸ்டிக்கில் எந்த வேலை தடைப்படுகிறது என்று தெரியாமல் சேர்க்கையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரே லாட்டைச் சேர்ந்த மூலப் பிசின், எல்லா மாதிரிகளுக்கும் போதுமான அளவு. லாட் மாறினால் வினையூக்கி எச்சமும் மூலக்கூறு எடையும் மாறும். இரண்டுமே படிகமாதலை நகர்த்தும்.

அந்தப் பிசினில் ஏற்கெனவே நியூக்ளியேட்டர் இருக்கிறதா என்ற தகவல். ஊசி வார்ப்புக்கு விற்கப்படும் பல பிபி ரகங்களில் தயாரிப்பாளரே போட்டு அனுப்புகிறார். டேட்டா ஷீட்டில் இல்லையென்றால் சோதித்தே பார்த்துவிடலாம்: நியூக்ளியேட்டர் இல்லாத பிபி ஹோமோபாலிமர், நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் குளிரும்போது பெரும்பாலும் 110 முதல் 116 டிகிரிக்குள் படிகமாகும். உங்கள் 'வெறும்' பிசினே 122 டிகிரிக்கு மேல் காட்டினால், அதில் ஏதோ இருக்கிறது. அதன் மேல் இன்னொன்றைப் போட்டுவிட்டு மாற்றமே இல்லை என்று புலம்பிப் பயனில்லை.

நைட்ரஜன் இணைப்புள்ள டிஎஸ்சி கருவி (மாதிரியைச் சூடேற்றிக் குளிர்விக்கும்போது வெப்பம் உள்ளே போவதையும் வெளிவருவதையும் அளப்பது), 0.01 மில்லிகிராம் வரை காட்டும் தராசு, அளவுத்திருத்தத்துக்கு இண்டியம். இண்டியம் 156.6 டிகிரியில் உருகும், கிராமுக்கு சுமார் 28.5 ஜூல் எடுத்துக்கொள்ளும். சோதனை தொடங்கும் நாளிலேயே அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நாம் தேடும் வித்தியாசம் சில சமயம் 3 டிகிரிதான்; கருவியே 1 டிகிரி விலகி நின்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

வசதி இருந்தால் குறுக்கு போலரைசரும் சூடான மேடையும் உள்ள மைக்ரோஸ்கோப். இல்லாமலும் சமாளிக்கலாம், ஆனால் அது பேசும் உண்மையை டிஎஸ்சி பேசாது.

3. சேர்க்கை எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கலக்கும் சூடு, அளவு, தோல்வியின் காரணம் எல்லாமே வகையைப் பொறுத்தவை. 'நியூக்ளியேட்டர்' என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் பின்னால் எதையும் விளக்க முடியாது.

கரையாத துகள்கள்: டால்க், சோடியம் பென்சோயேட், ஆர்கனோபாஸ்பேட் உப்புகள் இந்த வகை. உருகிய பிளாஸ்டிக்கில் திடத் துகளாகவே மிதந்து, தங்கள் மேற்பரப்பில் சங்கிலிகள் படிய இடம் தருகின்றன. பரப்பளவுதான் இங்கே எல்லாம். ஒரே எடையில் துகள் சிறியதாக இருந்தால் கரு அதிகம். கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டால் கரு குறைவு. பிபியில் டால்க் 0.5 முதல் 1% வரை, சோடியம் பென்சோயேட் 0.1 முதல் 0.3% வரை, பாஸ்பேட் உப்பு 0.1% அளவில் தொடங்கலாம். டால்க்கை 20% வரை ஏற்றுவது விறைப்புக்காக. படிகமாதலுக்குக் கிடைக்க வேண்டியது பெரும்பாலும் முதல் ஓரிரு சதவீதத்திலேயே கிடைத்துவிடும்.

கரைந்து மீண்டும் பிரிபவை: சார்பிட்டால் அசிட்டால்கள். இவை சூடான பிபியில் முழுவதும் கரைந்து, குளிரும்போது பிபி படிகமாவதற்கு முன்பே நூல்நூலாகப் பிரிந்து வலைபோலப் பரவும். அந்த நூல்கள் சில பத்து நானோமீட்டர் தடிமனுக்குள் இருப்பதால் பரப்பளவு மிக அதிகம், ஒளியையும் சிதறடிக்காது. தெளிவான பிபி டப்பாக்களின் ரகசியம் இதுதான். டைமெத்தில் வகைக்கு வழக்கமான அளவு 0.15 முதல் 0.25%. அளவு மிகக் குறைந்தால் வலை சரியான நேரத்தில் உருவாகாது, 0.1%க்குப் பாதிப் பலன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

வேதிவினை செய்பவை: பெட்டில் சோடியம் பென்சோயேட் போடும்போது அது வெறும் துகளாக இருப்பதில்லை. எஸ்டர் சங்கிலியை வெட்டி, முனையில் சோடியம் கார்பாக்சிலேட்டை உண்டாக்குகிறது. அந்த முனைகள்தான் கருவாகின்றன. வேகம் கூடும், ஆனால் மூலக்கூறு எடை இறங்கும். எனவே பெட்டில் இதைச் சோதிக்கும்போது உள்ளார்ந்த பாகுநிலையையும் (மூலக்கூறு எடையைக் காட்டும் அளவு) கூடவே அளக்காவிட்டால் பாதிக் கதைதான் தெரியும்.

நகர்வைக் கூட்டுபவை: பிஎல்ஏயில் பாலிஎத்திலீன் கிளைக்கால், சிட்ரேட் எஸ்டர்கள். இவை கருவைப் பிறப்பிப்பதில்லை. கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையைக் கீழே இறக்கி, குளிர்ந்த நிலையிலும் சங்கிலி நகர வழிசெய்கின்றன. பிஎல்ஏயில் டால்க் மட்டும் போட்டுப் பார்ப்பது, பிளாஸ்டிசைசர் மட்டும் போட்டுப் பார்ப்பது, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது என மூன்று மாதிரிகள் கட்டாயம். சேர்ந்தால் கிடைக்கும் பலன் தனித்தனியாகக் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம்.

தடுப்பவை: நைலான் 66இல் நைக்ரோசின் கறுப்புச் சாயம் படிகமாகும் வெப்பநிலையை இறக்கும். லித்தியம் குளோரைடு போன்ற உப்புகள் ஹைட்ரஜன் பிணைப்பைக் குலைத்து அதே வேலையைச் செய்யும். இது எப்போதும் கெடுதல் அல்ல. மெதுவாக இறுகுவதால் கண்ணாடி இழை போட்ட பாகத்தின் மேற்பரப்பு வழவழப்பாக வரும்.

கவனிக்காமல் உள்ளே நுழைபவை: நிறமிகள். தாலோசயனின் நீலமும் பச்சையும், குவினக்ரிடோன் சிவப்பும் பிபியில் நல்ல நியூக்ளியேட்டர்கள். கார்பன் கறுப்பும் அப்படியே. ஒரே மோல்டில் வெள்ளை மூடி சரியாகப் பொருந்தி நீல மூடி கோணிக்கொண்டால், முதலில் நிறமியைச் சந்தேகப்படுங்கள்.

4. ஒப்பீட்டு மாதிரியை முதலில் செய்யுங்கள்

அதிகம் சறுக்கும் படி இதுதான். பையிலிருந்து எடுத்த மூலக் குருணையை ஒப்பீட்டுக்கு வைத்துவிட்டு, சேர்க்கை போட்டதை மட்டும் எக்ஸ்ட்ரூடரில் (உருக்கித் திருகால் கலக்கும் மெஷின்) ஓட்டுகிறார்கள். எக்ஸ்ட்ரூடரில் ஓட்டினாலே சங்கிலி கொஞ்சம் வெட்டுப்படும், அழுக்கும் எச்சமும் சீராகப் பரவும். இந்த மாற்றமும் சேர்க்கையின் கணக்கில் ஏறிவிடும்.

எனவே சேர்க்கை இல்லாத பிசினையும் அதே திருகு வேகம், அதே வெப்பநிலை, அதே எண்ணிக்கைப் பாஸ்களில் ஓட்டி எடுங்கள். சேர்க்கை மாஸ்டர்பேட்சாக (கேரியர் என்னும் ஒரு பிசினில் சேர்க்கையைச் செறிவாகக் கலந்த குருணை) வந்திருந்தால், அதே கேரியர் பிசினை அதே சதவீதத்தில் சேர்த்து இன்னொரு ஒப்பீட்டு மாதிரியும் வேண்டும்.

ஓட்டும் வரிசையிலும் கவனம் தேவை. ஒப்பீட்டு மாதிரி முதலில், குறைந்த அளவு அடுத்து, அதிக அளவு கடைசியில். நல்ல நியூக்ளியேட்டர் சில நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவிலேயே வேலை செய்யும். பேரலில் ஒட்டியிருந்த மிச்சமே அடுத்த 'வெறும்' மாதிரியைக் கெடுத்துவிடும். ஏற்கெனவே பாஸ்பேட் உப்பு ஓடிய மெஷின் என்றால், நன்றாகப் பர்ஜ் செய்த (வேறு பிசினை ஓட்டிச் சுத்தம் செய்த) பிறகு வரும் பிசினை டிஎஸ்சியில் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

5. அளவைக் கணக்கிட்டுக் கலத்தல்

மாஸ்டர்பேட்சின் சதவீதத்தையும் செயல்படும் பொருளின் சதவீதத்தையும் குழப்பிக்கொள்வது வாடிக்கை. 10% செயல்படும் பொருள் உள்ள மாஸ்டர்பேட்சில், கடைசிக் கலவைக்கு 0.2% வேண்டுமென்றால், மாஸ்டர்பேட்ச் 2% போட வேண்டும். 25 கிலோ கலவைக்கு 500 கிராம் மாஸ்டர்பேட்ச், 24.5 கிலோ பிசின்.

பொடியாகவே போடுவதானால், குருணையோடு நேரே கலந்தால் பொடி ஹாப்பரின் அடியில் தங்கிவிடும். பிசினில் ஒரு பங்கை அரைத்துப் பொடியாக்கி, அதோடு சேர்க்கையைக் கலந்து, பிறகு மீதிக் குருணையில் சேர்ப்பது நல்லது. கேரியர் பிசின், மூலப் பிசினைவிடச் சற்று எளிதாக ஓடுவதாக இருக்கட்டும். இறுக்கமான கேரியர் கோடுகோடாகவே நின்றுவிடும்.

சார்பிட்டால் வகைக்கு உருகல் வெப்பநிலை 220 முதல் 240 டிகிரி வரை இருக்க வேண்டும். 190 டிகிரியில் ஓட்டினால் முழுவதும் கரையாமல் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். மிக அதிகச் சூட்டிலும் நெடுநேரத் தங்கலிலும் சிதைந்து, ஆல்டிஹைடு வாடை வரும். வாடையும் புள்ளியும் ஒரே நேரத்தில் வந்தால், பேரலின் முன்பகுதி குளிர்ந்தும் பின்பகுதி எரிந்தும் இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

கரையாத வகைக்குச் சூட்டைவிடத் திருகின் வெட்டுவிசைதான் முக்கியம். கட்டியை உடைப்பது அதுவே. ஒற்றைத் திருகில் சரியாகப் பரவாத பாஸ்பேட் உப்பு, இரட்டைத் திருகில் அதே அளவுக்கு இன்னும் சில டிகிரி தரலாம்.

பெட், பிஎல்ஏ, நைலான் என்றால் உலர்த்தல் கட்டாயம். பெட்டில் ஈரப்பதம் 50 பிபிஎம்முக்குள், பிஎல்ஏயில் 250 பிபிஎம்முக்குள் இருக்கட்டும். ஈரம் சங்கிலியை வெட்டும். குட்டைச் சங்கிலி வேகமாகப் படிகமாகும். சேர்க்கை நன்றாக வேலை செய்ததுபோல் ஒரு பொய்த்தோற்றம் கிடைக்கும், பாகம் கையில் எடுத்தால் உடையும்.

6. டிஎஸ்சி ஓட்டம்

அ. மாதிரியை 5 முதல் 6 மில்லிகிராம் எடையில், தட்டையாக வெட்டி எடுங்கள். எல்லா மாதிரியும் அரை மில்லிகிராம் வித்தியாசத்துக்குள் இருக்கட்டும். படிகமாகும்போது வெப்பம் வெளிவரும். மாதிரி கனமாக இருந்தால் அந்த வெப்பம் உள்ளேயே தங்கி, உச்சத்தை அகலமாக்கி இடம் மாற்றும். குண்டுக் குருணையை அப்படியே தட்டில் போட்டால் அடியில் ஒரு புள்ளிதான் தொடும். வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

ஆ. அலுமினியத் தட்டில் வைத்து மூடி, நைட்ரஜனை நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் விடுங்கள். ஆக்சிஜன் இருந்தால் பிபி எரியாவிட்டாலும் சிதையும்.

இ. நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் 220 டிகிரிக்கு ஏற்றி, 5 நிமிடம் நிறுத்துங்கள். பழைய வெப்ப வரலாற்றை அழிப்பதற்கான நிறுத்தம் இது. பிபியின் உருகல் உச்சம் 165 டிகிரியை ஒட்டி இருந்தாலும் 180 டிகிரியில் நிறுத்தித் திருப்பினால் போதாது. பழைய படிகத்தின் எச்சம் உருகலில் தங்கி, அதுவே கருவாகிவிடும். இந்தத் தன்கருவாதல் சேர்க்கையின் விளைவை முழுக்க மறைத்துவிடும். சார்பிட்டால் வகையும் பட்டியலில் இருந்தால் எல்லா மாதிரிகளுக்கும் 230 டிகிரி வையுங்கள். ஒன்றுக்கு 200, இன்னொன்றுக்கு 230 என்பது ஒப்பீடே ஆகாது.

ஈ. நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் 30 டிகிரி வரை குளிர்வியுங்கள். நமக்கு வேண்டிய வளைகோடு இதுதான். தொடக்கம், உச்சம், பரப்பு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உ. மீண்டும் 10 டிகிரி வேகத்தில் 220 வரை ஏற்றுங்கள். இரண்டாம் உருகல் வளைகோடு, என்ன வடிவப் படிகம் உண்டானது என்று சொல்லும்.

ஊ. ஒவ்வொரு கலவையிலும் மூன்று வெவ்வேறு குருணையிலிருந்து மூன்று மாதிரி. மூன்றும் 0.5 டிகிரிக்குள் ஒத்துப்போனால் கலவை சீராக இருக்கிறது. 3 டிகிரி சிதறினால் பிரச்சினை டிஎஸ்சியில் இல்லை. ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

பீட்டா வகை நியூக்ளியேட்டர் போட்டவர்களுக்குத் தனி விதி. கால்சியம் பிமலேட், காமா குவினக்ரிடோன் போன்றவை பிபியில் வழக்கமான ஆல்பாவுக்குப் பதிலாகப் பீட்டா படிகத்தை வளர்க்கும். அது 145 முதல் 155 டிகிரிக்குள் உருகும். ஆனால் குளிர்விப்பை 30 டிகிரி வரை கொண்டுபோனால், அடுத்த சூடேற்றத்தில் பீட்டாவில் ஒரு பகுதி உருகும்போதே ஆல்பாவாக மாறி, ஆல்பா நிறைய இருந்ததுபோல் காட்டும். குளிர்விப்பை 100 டிகிரியில் நிறுத்தி, அங்கிருந்தே சூடேற்றினால் உண்மை தெரியும்.

7. வளைகோட்டைப் படிக்கும் விதம்

முதலில் உச்சம் எத்தனை டிகிரி நகர்ந்தது என்று பாருங்கள். ஒப்பீட்டு மாதிரி 112, சேர்க்கை போட்டது 126 என்றால் 14 டிகிரி உயர்வு. பிபியில் டால்க் 1% பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே தரும். நல்ல சார்பிட்டாலும் பாஸ்பேட் உப்பும் 125 முதல் 130 டிகிரி வரை கொண்டுபோகும்.

இந்த 14 டிகிரி நல்லதா, சுமாரா என்று சொல்ல ஒரு மேல்வரம்பு வேண்டும். பிபிக்கு அதன் சொந்தப் படிகத்தைவிடச் சிறந்த கரு கிடையாது. வெறும் பிபியை வரலாறு அழித்துக் குளிர்வித்து, பிறகு ரகத்தைப் பொறுத்து 161 முதல் 168 டிகிரிக்குள் பகுதியாக மட்டும் உருக்கி 5 நிமிடம் நிறுத்திக் குளிர்வித்தால், மிச்சமிருக்கும் படிகத் துண்டுகளே கருவாகி உச்சம் 140 டிகிரி அருகே போகும். நிறுத்தும் வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரியாக இறக்கிக்கொண்டே போங்கள். மறு உருகலில், வழக்கமான உச்சத்துக்கு மேல் தனியாக ஒரு சிறு தோள் தெரியத் தொடங்கினால் படிகம் பதப்படத் தொடங்கிவிட்டது. அதற்கு முந்தைய டிகிரிதான் நமக்கு வேண்டியது.

திறன் கணக்கு எளிது: சேர்க்கை தந்த உயர்வை, தன்கருவாதல் தந்த உயர்வால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். மேலே சொன்ன எண்களில் தன்கருவாதல் தந்த உயர்வு 140 கழித்தல் 112, அதாவது 28. 14ஐ 28ஆல் வகுத்தால் 50%. இரண்டு வெவ்வேறு மூலப் பிசின்களில் சோதித்த சேர்க்கைகளை ஒப்பிட இது, வெறும் டிகிரி உயர்வைவிட நேர்மையான அளவு.

அடுத்தது பரப்பு. படிக அளவைக் கணக்கிட, பிபிக்குக் கிராமுக்கு 207 ஜூலை முழுப் படிகத்தின் மதிப்பாக எடுப்பது வழக்கம். பாலிஎத்திலீனுக்கு 293, பிஎல்ஏக்கு 93. இங்கே ஒரு பழைய தவறு இருக்கிறது. 20% டால்க் உள்ள பிபி கிராமுக்கு 80 ஜூல் தந்தால், 80ஐ 207ஆல் வகுத்து 38.6% என்று எழுதுகிறார்கள். தட்டில் இருந்தது 80% பிபிதான். 207ஐ 0.8ஆல் பெருக்கி 165.6, அதனால் வகுத்தால் 48.3%. பத்துச் சதவீத வித்தியாசம் ஒரு பெருக்கலை மறந்ததால் வந்தது.

பிஎல்ஏ, பெட் என்றால் சூடேற்றும்போதே நடுவில் ஒரு படிகமாதல் உச்சம் வரும். அந்தப் பரப்பை உருகல் பரப்பிலிருந்து கழித்தால்தான் குளிரும்போது உண்டான படிகம் எவ்வளவு என்று தெரியும். கழிக்காமல் எழுதினால் எல்லாச் சேர்க்கையும் ஒன்றுபோலவே தெரியும்.

உச்சம் 14 டிகிரி ஏறியும் படிக சதவீதம் இரண்டு மூன்றுதான் கூடியிருந்தால் பதற வேண்டாம். நியூக்ளியேட்டர் படிகமாதல் எப்போது தொடங்கும், எத்தனை இடத்தில் தொடங்கும் என்பதைத்தான் பெரிதும் மாற்றுகிறது. பிபியில் மொத்த அளவு சங்கிலியின் ஒழுங்கைப் பொறுத்தது. அதைச் சேர்க்கை மாற்றாது.

8. சம வெப்பநிலை ஓட்டம், தேவைப்பட்டால்

குளிர்விப்பு ஓட்டத்தில் இரண்டு சேர்க்கைகள் ஒரே உச்சம் தந்தால் மட்டும் இதற்கு நேரம் செலவழியுங்கள். 220 டிகிரியிலிருந்து கருவி தாங்கும் அதிக வேகத்தில் 130 டிகிரிக்கு இறக்கி நிறுத்தி, பாதிப் படிகமாக எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள்.

வெப்பநிலைத் தேர்வில்தான் சிக்கல். நியூக்ளியேட்டர் போட்ட பிபி 120 டிகிரிக்கு இறங்குவதற்குள்ளேயே படிகமாகத் தொடங்கிவிடும், தொடக்கம் கைநழுவும். வெறும் பிபியோ 136 டிகிரியில் மணிக்கணக்கில் சும்மா கிடக்கும், உச்சம் அடிக்கோட்டில் கரைந்துவிடும். இரண்டுக்கும் பொதுவான குறுகிய இடைவெளியைத் தேடித்தான் எடுக்க வேண்டும். படிகமாதல் நேரத்தோடு எப்படி முன்னேறுகிறது என்று விவரிக்கும் அவ்ராமி சமன்பாட்டில் போட்டு அடுக்கெண் கண்டுபிடிக்க விரும்பினால், 3 முதல் 20% வரை மாறிய பகுதியை மட்டும் பொருத்துங்கள். வால் பகுதியில் படிகங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் கோடு வளையும்.

9. மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வை

ஒரு சிறு துண்டை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் உருக்கி அழுத்தி, 10 முதல் 20 மைக்ரான் படலமாக்குங்கள். குறுக்கு போலரைசரில் வெறும் பிபி, பெரிய பெரிய கோளப்படிகங்களாக, ஒவ்வொன்றிலும் கறுப்புச் சிலுவையோடு தெரியும். குறுக்களவு பத்துக்கணக்கான மைக்ரான், மெதுவாகக் குளிர்வித்தால் நூற்றைத் தாண்டும். நல்ல நியூக்ளியேட்டர் போட்டதில் சிலுவையே தெரியாது. மணல் தூவியதுபோல் ஒரே பொடிமினுக்கல்.

பார்க்க வேண்டியது நடுவில் உள்ள நிலை. பொடிமினுக்கலுக்கு நடுவே தீவுதீவாகப் பெரிய கோளங்கள் நின்றால் சேர்க்கை பரவவில்லை. டிஎஸ்சி இதைச் சராசரியாக்கி, அகலமான ஓர் உச்சமாகவோ தோளாகவோ மட்டும் காட்டியிருக்கும். படலத்தை 50 மைக்ரான் தடிமனில் செய்துவிட்டால் படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்து, எல்லா மாதிரியும் நன்றாகப் பரவியதுபோலவே தோன்றும்.

10. முழுக் கலவையோடு மீண்டும் ஒரு ஓட்டம்

இதுவரை சேர்க்கை தனியாகப் பரீட்சை எழுதியது. விற்பனைக்குப் போகும் கலவையில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான், அமிலம் ஈர்ப்பான், வழுக்கி, நிறமி எல்லாம் இருக்கும். அவற்றையும் போட்டு ஆறாம் படியை மறுபடி செய்யுங்கள்.

பரவலாகத் தெரிந்த மோதல் கால்சியம் ஸ்டியரேட்டுக்கும் சோடியம் பாஸ்பேட் எஸ்டர் வகைக்கும். சோடியமும் கால்சியமும் இடம் மாறி, நியூக்ளியேட்டர் வலுவிழக்கும். தனியாக 128 டிகிரி தந்தது, ஸ்டியரேட் சேர்ந்ததும் பல டிகிரி இறங்கிவிடும். அமிலம் ஈர்ப்பானாக ஹைட்ரோடால்சைட்டையோ லித்தியம் ஸ்டியரேட்டையோ மாற்றிப் பாருங்கள். அதற்காக ஈர்ப்பானையே எடுத்துவிடாதீர்கள். வினையூக்கி எச்சத்தின் அமிலம் சார்பிட்டால் அசிட்டாலை உடைக்கும், மெஷினையும் அரிக்கும்.

நிறமி மோதலில் வெல்வது அதிகத் திறனுள்ளது. குவினக்ரிடோன் 118 டிகிரியிலும் உங்கள் பாஸ்பேட் உப்பு 128 டிகிரியிலும் தொடங்கினால், குளிரும்போது பாஸ்பேட்தான் முந்திக்கொள்ளும். நிறமிக்கு வேலை மிச்சமிருக்காது. பல நிறங்களில் ஒரே பாகம் செய்பவர்கள் எல்லா நிறத்துக்கும் ஒரே வலுவான நியூக்ளியேட்டரைப் போட்டுச் சுருக்கத்தைச் சமன் செய்வது இந்தக் காரணத்தால்தான்.

11. மோல்டுக்குக் கொண்டுபோதல்

டிஎஸ்சியில் நிமிடத்துக்கு 10 டிகிரி. மோல்டின் சுவரை ஒட்டிய தோலில் விநாடிக்கே நூறு டிகிரிக்கு மேல். அந்த வேகத்தில் பிபியின் தோல் வழக்கமான படிகத்துக்குப் பதிலாக இடைநிலை ஒழுங்கில் உறையலாம். அங்கே நியூக்ளியேட்டரின் பலன் குறைவு. தடித்த சுவரின் நடுப்பகுதியில்தான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும். மெல்லிய சுவரில் சைக்கிள் நேரம் எதிர்பார்த்த அளவு குறையாததற்கு இதுவே முதல் காரணம்.

முதலில் குளிர்விப்பு நேரத்தைத் தொடாமல், பழைய அமைப்பிலேயே 20 ஷாட் எடுங்கள். பாகம் முன்னதாக இறுகுவதால் கேட்டும் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) முன்னதாக மூடும். பழைய ஹோல்டிங் நேரத்தின் (மோல்டு நிரம்பிய பிறகும் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரம்) கடைசி விநாடிகள் வீணாகலாம், அல்லது தூரத்து மூலைக்குப் போதிய அழுத்தம் சேராமல் குழி விழலாம். ஹோல்டிங் நேரத்தை அரை அரை விநாடியாகக் குறைத்துக்கொண்டே பாகத்தை எடைபோடுங்கள். எடை இறங்கத் தொடங்கும் இடமே புதிய கேட் மூடும் நேரம்.

அதன் பிறகு குளிர்விப்பு நேரத்தை விநாடிக்கு விநாடி குறைக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து ஷாட் கழித்து எடுத்த பாகத்தை 48 மணி நேரம் வைத்துப் பிறகு அளவெடுங்கள். சூடாக அளந்த பாகம் மறுநாள் சுருங்கியிருக்கும்.

சுருக்கத்தை ஓட்டத் திசையிலும் குறுக்கேயும் தனித்தனியாக அளக்க வேண்டும். பாஸ்பேட் உப்பு வகை இரண்டு திசையிலும் ஒரே மாதிரி சுருங்க விடாமல், தட்டையான பாகத்தைக் கோண வைக்கக்கூடும். சராசரிச் சுருக்கம் மாறவில்லை என்று நிம்மதியடைபவர்கள் இங்கேதான் அகப்படுகிறார்கள்.

பெட்டிலும் பிஎல்ஏயிலும் மோல்டு குளிர்ந்திருந்தால் எந்தச் சேர்க்கையும் காப்பாற்றாது. நியூக்ளியேட்டர் போட்ட பிஎல்ஏக்கு மோல்டு 90 முதல் 110 டிகிரி வேண்டும். 30 டிகிரி மோல்டில் அடித்தால் பாகம் தெளிவாக வெளியே வரும். பிறகு 60 டிகிரி சூட்டிலேயே தொய்ந்துபோகும்.

12. எண் சரியில்லை என்றால் எங்கே தேடுவது

உச்சம் நகரவே இல்லை: மூலப் பிசினில் ஏற்கெனவே நியூக்ளியேட்டர் உண்டா, ஒப்பீட்டு மாதிரியில் மிச்சம் கலந்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சேர்க்கை உண்மையில் உள்ளே போனதா என்று சாம்பல் சோதனை (மாதிரியை எரித்து மிச்சத்தை எடைபோடுவது) செய்யலாம். டால்க்குக்கு இது எளிது. 0.2% சார்பிட்டாலுக்குச் சாம்பல் உதவாது.

குளிரும்போது இரண்டு உச்சம்: பரவல் சரியில்லை, அல்லது இரண்டு வகைப் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது. 116 டிகிரி அருகே இரண்டாவது உச்சம் வந்தால், மறு உருகலில் 130 டிகிரி அருகே பாலிஎத்திலீன் உருகுகிறதா பாருங்கள். மறுசுழற்சிப் பிபியில் இது சர்வசாதாரணம். முன்பு யாரோ போட்ட நிறமியும் டால்க்கும்கூட அதிலேயே இருக்கும், உங்கள் சேர்க்கைக்கு மிச்சம் வைக்காது.

அளவைக் கூட்டியும் பலன் நின்றுவிட்டது: செறிவு எட்டிவிட்டது. சார்பிட்டாலில் அதற்கு மேல் போட்டால் மங்கலும் மோல்டு மேல் வெள்ளைப்படிவும்தான் மிச்சம். கார்பன் நானோகுழாய் போன்றவற்றில் அளவு ஏறும்போது கரு கூடினாலும் சங்கிலி நகர இடம் குறைந்து, வளர்ச்சி மந்தமாகலாம்.

டிஎஸ்சியில் நல்ல உயர்வு, ஆனால் பாகம் இன்னும் மங்கல்: டால்க்கும் பென்சோயேட்டும் உச்சத்தை உயர்த்தினாலும் துகளே ஒளியைச் சிதறடிக்கும். தெளிவு வேண்டுமென்றால் உச்ச வெப்பநிலையை நம்பாமல் 1 மில்லிமீட்டர் தகடு அடித்து மங்கலை நேரே அளவிடுங்கள். மோல்டின் மெருகு குறைவாக இருந்தாலும் மங்கல் வரும் என்பதால், தகட்டின் இரு பக்கமும் பாரபின் எண்ணெய் தடவி ஒருமுறை அளந்து பாருங்கள். எண்ணெயோடு மங்கல் சட்டென்று இறங்கினால் குற்றம் மேற்பரப்பினுடையது.

நேற்று சரி, இன்று இல்லை: புது லாட் வந்ததா என்று கேளுங்கள். முதல் சோதனையில் செய்த ஒப்பீட்டுக் குருணையில் அரைக் கிலோவைத் தேதி எழுதி மூடி வைத்திருந்தால், அதையும் புதிய மாதிரியையும் ஒரே நாளில், ஒரே கருவியில் அடுத்தடுத்து ஓட்டலாம். பழைய குருணை பழைய எண்ணையே காட்டினால் கருவியை விட்டுவிட்டு மூட்டையைத் திறந்து பாருங்கள்.